முகட்டுக் கயிறு

ஹேமக் வாங்கப் போகிறவர்கள் முதலில் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். தடவத்தான் தோன்றும். இரண்டு கைக்குள் அடங்கும் உருண்டையாகச் சுருட்டி வைத்ததை உதறினால், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு விரிகிற ரிப்ஸ்டாப் நைலானின் வழவழப்பு யாரையும் மயக்கும். நான் முதலில் தேடுவது வேறு. துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, படுத்திருப்பவர் கை நீட்டினால் எட்டும் உயரத்தில், மெல்லிய கயிறு ஒன்று ஓடுகிறதா? 2 மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. விற்பவர்கள் ரிட்ஜ்லைன் என்பார்கள். நாம் முகட்டுக் கயிறு என்று வைத்துக்கொள்ளலாம். அது இருந்தால், இந்த ஹேமக்கைத் தைத்தவர் அதில் இரவு முழுக்கப் படுத்துப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

துணி எவ்வளவு தொய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கயிறுதான். ஹேமக்கில் தூக்கம் வருவதும் வராததும் தொய்வைப் பொறுத்தது. காட்டில் மரங்கள் நம் வசதிக்கு நிற்பதில்லை. ஓரிடத்தில் நாலு மீட்டர் இடைவெளி, மறுநாள் ஆறு. முகட்டுக் கயிறு இல்லாத ஹேமக்கை ஒவ்வோர் இரவும் புதிதாகச் சரிபார்த்துக் கட்ட வேண்டும். கயிறு இருந்தால், மரம் எங்கே நின்றாலும் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. துணி நீளத்தில் 83 விழுக்காடு என்பது ஹேமக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. 335 சென்டிமீட்டர் துணி என்றால் கயிறு ஏறக்குறைய 278. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கொஞ்சம் இறுக்கமாகப் படுப்பவர்கள் ஒரு சாண் கூட்டிக்கொள்வார்கள். ஆனால் தனக்குப் பிடித்த அளவு ஒருமுறை அமைந்துவிட்டால், நேற்றுப் படுத்த அதே படுக்கை இன்றும் கிடைக்கும்.

பலர் இதற்குப் பயன்படுத்தும் கயிறு, உயர்ந்த மரங்களில் ஏறிக் கிளை கழிப்பவர்கள் வைத்திருப்பது. சிறு எடைப் பை ஒன்றைக் கட்டி உச்சிக் கிளைக்கு மேலாக வீசி எறிய, இலேசான, வழுக்கிக்கொண்டு ஓடுகிற கயிறு அவர்களுக்கு வேண்டும். 1.75 மில்லிமீட்டர் தடிமனில் அதற்கென்றே செய்யப்பட்டது, ஹேமக்கின் முகட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டி முடித்துப் படுத்தபின் அதை இரு விரலால் பிடித்துத் திருகினால் சற்றே வளைந்து கொடுக்க வேண்டும். சுண்டினால் கிண்ணென்று ஒலித்தால், வெளியே மரத்தோடு கட்டியிருக்கும் கயிறுகளை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். மூக்குக்கண்ணாடி, தலைவிளக்கு, நனைந்த கைக்குட்டை எல்லாம் தொங்குவதும் அதில்தான்.

அளவுக்கு மீறி இழுத்தால் என்ன ஆகும்? மரத்திலிருந்து வரும் கயிறு கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்து இறங்கினால், ஒவ்வொரு பக்கக் கயிற்றின் மேலும் சரியாகப் படுப்பவரின் எடை அளவுக்கே இழுவிசை விழும். 70 கிலோ ஆளுக்கு இந்தப் பக்கம் 70, அந்தப் பக்கம் 70. சாய்வைப் பாதியாக, 15 டிகிரியாகக் குறைத்தால் அது 135 ஆகிறது. தொய்வே தெரியாமல் 5 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான். கூடியது இழுப்பு மட்டும். புதிதாகக் கட்டுபவர்கள் கட்டில் போலத் தட்டையாக வர வேண்டும் என்று இழுத்து இழுத்துக் கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மரத்தின் மேல்தான் இரக்கம் வரும். இத்தனைக்கும், இழுக்க இழுக்க உடம்பு அதிகமாகவே நசுங்கும். துணியின் இரு ஓரங்களும் தோளை வந்து நெருக்கும்.

தட்டையாகப் படுக்கும் வழி வேறு. நன்றாகத் தொய்யவிட்டு, நீளவாட்டில் படுக்காமல் கோணவாட்டில் படுக்க வேண்டும்: தலை நடுக்கோட்டுக்கு வலப்புறம் என்றால் கால் இடப்புறம். அப்படிப் படுத்ததும் துணியின் வளைவு உடம்புக்கு அடியில் விரிந்து சமமாகிவிடும். முதுகு வில்லாக வளைவதும் முழங்கால் பின்னோக்கி மடங்குவதும் நின்றுபோகும். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் கொலம்பஸ் 1492இல் வந்திறங்குவதற்கு முன்பே பருத்தி ஹேமக்கில் தூங்கியவர்கள். யுகட்டான் மாயர்களும் பிரேசில்காரர்களும் இன்றுவரை கோணலாகத்தான் படுக்கிறார்கள். இதையே வெட்டில் கொண்டுவந்து, துணியைச் சமச்சீராக இல்லாமல் கோணவாட்டில் இழுத்து நிறுத்தும்படி அமைத்து விற்றவர் கனடாவைச் சேர்ந்த டாம் ஹென்னெஸி. நம் ஊர்த் தூளியில் சேலையின் இரு தலைப்பும் ஒரே புள்ளியில் போய்த் தொங்கும். பிள்ளை அதில் சுருண்டு கிடக்கும், அதற்கு அதுதான் சுகம். வளர்ந்தவர்களுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோணலும் தேவைப்படுகின்றன. கடற்கரை விடுதிகளில் இரு முனையிலும் கட்டை வைத்து விரித்திருக்கிறார்களே, அந்தச் சங்கதியை இங்கே பேச்சில் எடுக்க வேண்டாம். படுப்பவரின் எடை உயரத்திலேயே நிற்பதால் ஒரு பக்கம் புரண்டாலும் கவிழ்த்துவிடும். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும்.

கோணலாகப் படுக்கத் துணி நீளமாக இருக்க வேண்டும். எடை குறைக்கிறோம் என்று 270 சென்டிமீட்டர் துணியை வாங்குவது இங்கேதான் இடிக்கும். சதுர மீட்டருக்கு 40 கிராம் எடையுள்ள துணியில், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 60 சென்டிமீட்டர் நீளத்தைக் கூட்டினால் ஏறுவது 36 கிராம். ஒரு முட்டையின் எடைகூட இல்லை. அந்த 36 கிராமை மிச்சம் பிடித்துவிட்டு இரவெல்லாம் கெண்டைக்காலில் துணி உறுத்தக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டி எறிகிற கூட்டம் அது; விவாதித்துப் பயனில்லை. ஆனால் உடல் கனத்தவர்கள் மெல்லிய துணிக்கு ஆசைப்படக் கூடாது. மெல்லியது அதிகம் நீளும், நள்ளிரவில் இடுப்பு தரையை நெருங்கிவிடும்.

இனி மரத்தில் கட்டும் பாகம். மரப்பட்டையில் கயிறு நேராக உரசக் கூடாது என்பதால் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாடாவைச் சுற்ற வேண்டும். இது பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் நாடா பாரத்தில் நீளும். தொடை உயரத்தில் படுத்தவர் விடியும்போது புல்லைத் தொட்டுக்கொண்டிருப்பார். நாடாவுக்கும் ஹேமக்குக்கும் இடையில் உலோகக் கொக்கி வைப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் கைவேலையின் நயத்தை ரசிப்பவர்கள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வூப்பி ஸ்லிங் என்ற கயிற்றை ஒருமுறையாவது கையில் வாங்கி உருட்டிப் பார்க்க வேண்டும்.

3 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். பன்னிரண்டு இழைக்கற்றைகளால், உள்ளே கூடாகப் பின்னப்பட்ட கயிறு. இழை டைனீமா வகைப் பாலிஎத்திலீன். தண்ணீரில் மிதக்கும், 600 கிலோ இழுத்தாலும் அறாது. ஆனால் அதற்கு ஒரு சுபாவம் உண்டு: வழுக்கல். சாதாரண முடிச்சு அதில் நிற்காது, மெல்ல நழுவிக் கழன்றுவிடும். அதனால் முடிச்சையே விட்டுவிட்டார்கள். கயிற்றின் வாலை அதன் கூட்டுக்குள்ளேயே நுழைத்து, ஒரு சாண் தூரம் உள்ளே ஓடவிட்டு, மறுபக்கம் வெளியே எடுக்கிறார்கள். பாரம் விழுந்ததும் வெளிப்பின்னல் நீண்டு ஒடுங்கும். ஒடுங்கியது உள்ளே இருப்பதை நெரித்துப் பிடிக்கும். எடை கூடினால் பிடியும் கூடும். எழுந்து வந்து நீளத்தை மாற்ற வேண்டுமென்றால், அந்தப் பின்னலின் இரு பக்கத்தையும் விரலால் நடுவை நோக்கித் தள்ளினால் போதும். கூடு விரிந்து உள்கயிறு சிரமமில்லாமல் நகரும். கொக்கியோ பல்லோ எதுவும் இல்லை. இரு மரத்துக்கும் சேர்த்து இந்தக் கயிறு ஒரு சட்டைப்பைக்குள் போய்விடும்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் ஹேமக்கின் அருமை தெரியும். ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை 14 மாநிலங்களைத் தாண்டி 3,500 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பாதையைப் ‘பச்சைச் சுரங்கம்’ என்றே அழைக்கிறார்கள், அவ்வளவு மரம். சரிவும் பாறையும் வேரும் நிறைந்த தரையில் கூடாரம் அடிக்கச் சமமான ஆறடி தேடி அலையும் நேரத்தில், ஹேமக்காரர் கட்டி முடித்துக் காப்பி போட்டுக்கொண்டிருப்பார். மரமில்லாத உயரத்துக்குப் போனால் அவர் பாடு திண்டாட்டம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதன்முதலாக மலையில் ஹேமக் கட்டியவர்களைத் திடுக்கிட வைப்பது குளிர். 20 டிகிரி வெப்பத்திலேயே முதுகு சில்லிட்டுவிடும். காற்று அடியிலும் ஓடுகிறது. தூங்குபையின் அடிப்பக்கத்தில் உள்ள இறகு நம் எடையில் நசுங்கிவிடுவதால் அதனால் பயனில்லை. கதகதப்பைத் தருவது இறகல்ல, இறகுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. ஆகவே போர்வையை ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகிறார்கள். கடையில் அண்டர்குயில்ட் என்று கேட்க வேண்டும். இதில் தையற்காரரின் மூளை வேலை செய்திருப்பதை நல்ல தயாரிப்பில் காணலாம்: வெளித்துணியை உள்துணியைவிடச் சற்று அகலமாக வெட்டியிருப்பார்கள். வளைவில் போய் ஒட்டும்போது வெளிவட்டம் பெரியதுதானே? இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால், வளைந்ததும் வெளித்துணி இறுகி இறகை அமுக்கும். எலாஸ்டிக் கயிற்றால் அது ஹேமக்கோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க வேண்டும். இறுக்கினால் இறகு நசுங்கும். தளர்த்தினால் இடுக்கில் காற்று புகுந்து முதுகை வருடும். இந்த நடுநிலையைக் கண்டுபிடிக்க ஓரிரு இரவு முணுமுணுப்பு ஆகும். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் இங்கே போடுங்கள் என்பேன். துணியிலும் கொக்கியிலும் மிச்சம் பிடிக்கலாம், முதுகில் பிடிக்க முடியாது.

கொசுவலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு ஈயும் புகாத நெருக்கமான வலையாக இருக்க வேண்டும். ஜிப் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஆனால் மேலே வலை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவரை, மெல்லிய ஒற்றைத் துணிக்குக் கீழிருந்தே கொசு பதம் பார்க்கும். வெப்பமான ஊர்களில் இரட்டைத் துணி ஹேமக்குக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

தார்ப்பாய்க்கு வருவோம். விளிம்பைப் பாருங்கள். நேர்கோடாக இல்லாமல் உள்நோக்கி மெல்ல வளைந்திருந்தால் வாங்கலாம். இரு முனையில் பிடித்த சங்கிலி தானாகத் தொய்யும் வளைவு அது. விளிம்பை அப்படி வெட்டினால், இழுத்துக் கட்டும்போது இழுப்பு துணி முழுதும் பரவி எங்கும் படபடக்காமல் நிற்கும். நேராக வெட்டியது காற்றில் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். சிலிக்கான் பூசிய நைலான் மழையில் ஈரம் குடித்துத் தொய்யும், நடுராத்திரி எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். அதே பூச்சுள்ள பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. டைனீமா கலந்த கூட்டுத்துணி ஈரமே குடிக்காது, எடையும் சொற்பம். ஆனால் மொடமொடவென்று சத்தம் போடும், விலையைக் கேட்டால் தூக்கம் போய்விடும். எனக்குப் பாலியெஸ்டர் போதும்.

நல்ல தார்ப்பாய் போட்டும் சிலர் நனைந்து எழுகிறார்கள். மழை மரத்தில் வழிந்து, நாடாவில் ஏறி, கயிற்றோடு சறுக்கிப் படுக்கைக்கு வந்துவிடுகிறது. இதற்கு விற்கும் சாமான்களில் எதுவும் வேண்டாம். தார்ப்பாயின் நிழலுக்குள் வந்தபின், ஹேமக் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக, ஒரு விரல் நீளப் பருத்தி நூலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஓடிவரும் நீர் நூலைக் கண்டதும் அதில் இறங்கித் தரையில் சொட்டும். 400 டாலர் தார்ப்பாயும் இந்த நூலும் சேர்ந்துதான் ஆளை உலர வைக்கின்றன.

சுருட்டி வைக்கும் பை கடைசி. ஒரே வாயுள்ள பைக்குள் ஹேமக்கைத் திணித்தால், எடுக்கும்போது பாதித் துணி சேற்றில் விழும். இரண்டு முனையிலும் திறப்புள்ள பையைத் தேடுங்கள். ஒரு முனையை மரத்தில் மாட்டிவிட்டு அடுத்த மரத்தை நோக்கி நடந்தால் துணி தானே உருவிக்கொண்டு வரும், தரையைத் தொடாமல். கழற்றும்போதும் அப்படியே கைக்குக் கை திணித்துக்கொண்டே போகலாம். தார்ப்பாயை மட்டும் இதோடு சேர்த்து வைக்காதீர்கள். அது முதுகுப்பையின் வெளிப்பக்கப் பையில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும்: மழையில் முதலில் விரிப்பதும் கடைசியில் மடிப்பதும் அதைத்தான்.