இரவுப் படத்தில் தெரியாத கொரியா

2024ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு டாரோன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவருக்கும் கிடைத்த பிறகு, பழைய வாதமொன்று புது மரியாதையோடு உலவத் தொடங்கியிருக்கிறது. கொரியத் தீபகற்பத்தை இரவில் விண்ணிலிருந்து எடுத்த படம்தான் அதற்குச் சாட்சி. தெற்கே ஒளிவெள்ளம், வடக்கே பியோங்யாங் இருக்குமிடத்தில் ஒரு புள்ளி, மற்றதெல்லாம் இருட்டு. ஒரே மொழி பேசிய மக்கள் 1945இல் பிரிக்கப்பட்டார்கள்; ஒரு பாதிக்குச் சோசலிசம், மறு பாதிக்கு முதலாளித்துவம்; விளைவு கண்ணெதிரே இருக்கும்போது இனி என்ன விவாதம் என்கிறார்கள். பரிசு பெற்றவர்களின் வாதம் இவ்வளவு தட்டையானதல்ல. ஒரு நாட்டின் அரசியல், பொருளாதார அமைப்புகள் எத்தனை பேருக்கு இடம் தருகின்றன என்பதே அவர்களின் கேள்வி. ஆனாலும் கொரியாவை இயற்கையே நடத்திக்காட்டிய சோதனையாக நிறுத்தியதில் அவர்களுக்கும் பங்குண்டு. அந்தச் சோதனையில் முதலாளித்துவம் என்று பெயர் ஒட்டப்பட்ட பாதியில் உண்மையில் என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

வடகொரியாவுக்காக வாதாட எதுவும் இல்லை. 1945 வரை கொரியாவை ஆண்ட ஜப்பானியர் விட்டுச்சென்ற கனரகத் தொழில்களில் பெரும்பகுதி வடக்கில்தான் இருந்தது. தொடக்கத்தில் அது தெற்கைவிடப் பின்தங்கியிருக்கவில்லை. பிறகு எல்லா முடிவுகளையும் மேலிருந்து எடுக்கும் திட்டமிடல் இறுகிப்போனது. 1990களின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஆட்சி மூன்றாம் தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பாதி தோற்றது.

தெற்கு வென்றதும் உண்மை. எதனால் வென்றது? முதலில் நிலம். 1950இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய விளைநிலத்துக்கு ஏறத்தாழ 3 ஹெக்டேர் என்று உச்சவரம்பு விதித்தது. மிஞ்சியது குத்தகை விவசாயிகளுக்குப் போனது. பழைய நிலவுடைமை வர்க்கம் அத்தோடு முறிந்தது. அடுத்து வங்கி. 1961 மே மாதம் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீ, முறைகேடாகச் சொத்துச் சேர்த்ததாகத் தொழிலதிபர்களைக் கைது செய்தார். அரசு சொல்லும் ஆலைகளைக் கட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகே விடுவித்தார். வணிக வங்கிகளை அரசுடைமை ஆக்கினார். 1962இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. யாருக்குக் கடன், எந்தத் தொழிலுக்கு, என்ன வட்டிக்கு என்பதையெல்லாம் அதன் பிறகு இருபதாண்டுகள் அரசே முடிவு செய்தது. ஏற்றுமதி செய்பவருக்கு மிகக் குறைந்த வட்டி; ஏற்றுமதி இலக்கைத் தவறவிட்டவருக்குக் கடன் வாசல் அடைபடும் அபாயம். போஹாங் உருக்காலையின் கதை இதற்கெல்லாம் உச்சம். இரும்புத்தாதும் நல்ல நிலக்கரியும் இல்லாத ஏழை நாடு ஒருங்கிணைந்த உருக்காலை கட்டுவது வீண் என்று உலக வங்கி கருதியது. கடன் தருவதாக இருந்த மேலைநாட்டுக் கூட்டமைப்பு 1969இல் விலகிக்கொண்டது. சந்தை தந்த தீர்ப்பு அதுதான். அரசு அதை ஏற்கவில்லை. ஜப்பானுடன் செய்த 1965 ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வந்த பணத்தைத் திருப்பிவிட்டு, பொதுத்துறை நிறுவனமாகவே ஆலையைக் கட்டியது. 1973இல் உற்பத்தி தொடங்கியது. உலகின் பெரிய உருக்கு நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்த பின்னர், 2000இல்தான் அது முழுமையாகத் தனியார்மயமானது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாயும் இந்த ஏற்பாட்டில் வளர்ந்ததே. அந்நியக் கார்கள் உள்ளே வராதபடி அரசு நெடுங்காலம் வாசலைச் சாத்தி வைத்திருந்தது.

இலாபம் தனியாருடையதுதானே, உலகச் சந்தையில் போட்டியிட்டுத்தானே வென்றார்கள் என்று மறுப்பார்கள். இரண்டும் சரி. தெற்கு சோசலிச நாடு என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது வேறு: தனியார் இலாபம் அக்காலத்தில் ஏறக்குறைய எல்லா ஏழை நாடுகளிலும் இருந்தது, பிலிப்பைன்ஸிலும் இருந்தது, இந்தியாவிலும் இருந்தது. கொரியாவை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் காரணம் இலாபமாக இருக்க முடியாது. அப்படியானால் இந்தியாவிலும் திட்டக்குழு இருந்ததே, 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயினவே, நம்மிடம் ஏன் அது நடக்கவில்லை என்ற கேள்வி வரும். இதுவே வலுவான மறுப்பு. சமூகவியலாளர் விவேக் சிப்பர் இந்தியாவையும் கொரியாவையும் வைத்து 2003இல் வெளியிட்ட ஒப்பாய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. இந்திய முதலாளிகள் அரசின் பாதுகாப்பையும் மானியத்தையும் விரும்பினார்கள். அவற்றுக்கு ஈடாக அரசு தங்களைக் கட்டுப்படுத்துவதை எதிர்த்தார்கள், அந்த எதிர்ப்பில் வென்றார்கள். இங்கே தீர்வைச் சுவர் எழுந்தது, அதற்குப் பதிலாக ஆலைக்காரரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. கொரியாவில் கேட்கப்பட்டது. ஆக, இந்தியாவில் குறைவாக இருந்தது சந்தை அல்ல. முதலாளியிடம் கணக்குக் கேட்கும் வலிமை.

பார்க் காலத்து வளர்ச்சி நிலைக்கக் காரணம் பின்னால் வந்த சனநாயகமும் சொத்துரிமைப் பாதுகாப்புமே என்று பரிசாளர்கள் தரப்பில் சொல்லலாம். காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. நாட்டை ஏழ்மையிலிருந்து தூக்கிய பாய்ச்சல், சனநாயகம் வந்த 1987க்கு முந்தையது. சொத்துரிமை அப்போது எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது என்பதற்கு 1985இல் நடந்ததே போதும்: நாட்டின் ஏழாவது பெரிய தொழில் குழுமமான குக்ஜே, அரசின் கோபத்துக்கு ஆளாகி, வங்கிகள் கடனை நிறுத்தியதும் சிதறிப்போனது. அரசு செய்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்ற தீர்ப்பு 1993இல்தான் வந்தது. முதலாளியைக் கட்டுப்படுத்திய அந்த அரசைப் புகழவும் முடியாது. அதே கை தொழிலாளியின் கழுத்தையும் நெரித்தது. தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தக் கோரி 1970 நவம்பரில் சியோலின் ஆடைத் தொழிற்கூடங்களுக்கு நடுவே இளம் தொழிலாளி ஜியோன் டே-இல் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். பின்னர் வந்த உரிமைகளைச் சந்தை தரவில்லை. 1987இன் தெருப் போராட்டங்களும் வேலைநிறுத்தங்களும் பெற்றுத் தந்தன.

முதலாளித்துவம் என்ற பெயருக்கும் நடப்புக்கும் இடைவெளி குறைந்த காலமும் வந்தது. 1990களில் ஐந்தாண்டுத் திட்டங்கள் கைவிடப்பட்டன, திட்ட வாரியம் நிதி அமைச்சகத்தோடு கரைக்கப்பட்டது, வெளிநாட்டில் குறுகிய காலக் கடன் வாங்க நிதி நிறுவனங்களுக்கு வழி திறந்தது. 1996இல் செல்வந்த நாடுகளின் கூட்டமைப்பில் கொரியா சேர்ந்தது. 1997 நவம்பரில் சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. குழுமங்களின் பேராசைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அந்தப் பேராசை 1970களிலும் இருந்தது, கடன் வாசலில் காவல் இருந்ததுதான் வேறுபாடு. உதவியோடு வந்த நிபந்தனைகளையொட்டி 1998 பிப்ரவரியில் ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டம் நிறைவேறியது. நிரந்தரமற்ற வேலை என்று கொரியர்கள் இன்றும் போராடும் பிரச்சினை அதன் பின் வேகமாகப் பரவியது. கொரியாவைக் காட்டி முதலாளித்துவத்துக்கு மதிப்பெண் போடுபவர்கள் இந்த வரியை மட்டும் அதன் கணக்கில் எழுத மறுக்கிறார்கள்.