கிராமசபையில் யார் பேசுகிறார்கள்?

தஞ்சாவூர் மாவட்டத்தில் 589 ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு முறை, ஒரே நாளில், இந்த ஊர்கள் அத்தனையிலும் ஜமுக்காளம் விரித்து மைக் கட்டுகிறார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நான்கு கிராமசபைகளோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து இப்போது ஆறு.

ஊரில் வேறு அமைப்புகளுக்கும் குறைவில்லை. ஆனால் கோயில் கமிட்டிக்குத் தலைக்கட்டு வரி கட்ட வேண்டும், பாசனதாரர் சங்கத்துக்கு நிலம் வேண்டும், மகளிர் குழுவுக்கு மாதச் சேமிப்பு வேண்டும். கிராமசபைக்கு மட்டும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த உரிமை இது. சட்டப்படி எல்லோருக்கும் திறந்த ஒரு சபை, நடப்பில் எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது?

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். ஊராட்சி என்றதும் மேடையில் ஏறுபவர்கள் உத்திரமேரூரையும் குடவோலையையும் இழுக்காமல் இறங்குவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) தேர்தல் ஒழுங்கைச் சொல்வதோடு, யார் வெளியே நிற்க வேண்டும் என்பதையும் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70 வரை வயது இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். வயலில் இறங்கியவருக்கு அங்கே இடமே இல்லை. இன்றைய கிராமசபையில் மிராசுதாரும் அவர் வயலில் நாற்று நடுபவரும் சமம். கூலிப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டது அன்றைய தஞ்சை மாவட்டத்தில்தான். அந்த மண்ணில் இப்படி ஒரு சமத்துவம் எழுத்தில் இருப்பதே பெரிய காரியம்.

எழுத்தில் மட்டும் இல்லை, பயனும் உண்டு. ஹைட்ரோகார்பன் திட்டம் வந்தபோது டெல்டா ஊர்கள் பல எடுத்த ஆயுதம் கிராமசபைத் தீர்மானம். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியதற்குத் தீர்மானங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவில் போட்ட கோஷத்தை அரசுக் காகிதமாக மாற்றித் தந்தது இந்தச் சபை.

இனி குறைகளுக்கு வருவோம். கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. அக்டோபர் 2இல் டெல்டா எப்படி இருக்கும்? ஒருபக்கம் குறுவை அறுவடை, மறுபக்கம் தாளடி நடவு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, மழைக்குப் பயந்து தார்ப்பாயும் கையுமாகக் காத்துக் கிடப்பவர் கூட்டத்துக்கு வருவாரா? நடவுக்குப் போன பெண் கரையேறும்போது மணி ஒன்று தாண்டியிருக்கும். ஜனவரி 26 சம்பா அறுவடைக் காலம். தேதியைத் தலைநகரம் குறிக்கலாம், மணியையாவது ஊர் குறிக்கக் கூடாதா? இப்போது நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எந்த மணிக்கும் வர முடியாது, இங்கே பட்டியலில் பெயர் இல்லை.

அடுத்தது அழைப்பு. பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி, 2022இல் தலைமைச் செயலராக இருந்த இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு சாதியின் தோளில் சுமத்திய இழிவு அது, போனது நல்லது. அதற்குப் பதில் வந்த ஒலிபெருக்கி வண்டி காலனியின் கடைசி வீடு வரை போகிறதா என்று பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி. கூட்டத்தை ஒரே இடத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதச்சார்புள்ள வளாகத்தில் கூடாது என்று ஆட்சியர் அறிவிப்புகள் சொல்கின்றன. நல்ல விதி. ஊர்த்தெருவிலிருந்து காலனி சமுதாயக் கூடத்துக்குக் கிராமசபை எத்தனை முறை இடம் மாறியது என்று அவரவர் ஊரில் கேட்டால், விதியின் ஆயுள் தெரிந்துவிடும்.

உட்காரும் வரிசையிலேயே ஊர் தெரியும். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள்: பற்றாளராக வந்த அலுவலர், மன்ற உறுப்பினர்கள், நாலு பெரிய மனிதர்கள். ஜமுக்காளத்தில் பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்குப் பதிந்தவர்கள். சாமியானா நிழல் முடியும் இடத்தில் கைகட்டி நிற்கும் இளைஞர்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டை ஊராட்சியில், மன்றக் கூட்டத்தில் தலைவரே தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அவர் பட்டியல் சாதிப் பெண். மற்றவர்கள் நாற்காலியில். வழக்குப் பதிவானது, நடவடிக்கையும் வந்தது. ஒதுக்கீடு பதவியைத் தரும், நாற்காலியை ஊர்தான் தர வேண்டும் என்பதற்கு அந்தப் படம் சாட்சி. தலைவருக்கே அந்தக் கதி என்றால், ஜமுக்காளத்தில் இருக்கும் பெண் எழுந்து குடிநீர்க் குழாயைப் பற்றி எப்படிக் கேட்பார்?

இதையெல்லாம் மறைத்துவிடுவது எண்ணிக்கை. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்தால் குறைவெண் நிறைந்தது. அதற்குக் கைகொடுப்பது நூறு நாள் வேலை அட்டை. கையெழுத்து வாங்கி, படம் பிடித்து, செயலியில் ஏற்றினால் கூட்டம் வெற்றி. வந்தவர்கள் பேசினார்களா, பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று எந்தச் செயலியும் கேட்பதில்லை. வருகையைப் பங்கேற்பு என்று எண்ணிக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்திலும் இந்தக் கோளாறு நேரலாம். உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு மசோதா வந்தது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் தஞ்சை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் அந்த ஆண்டு ஜனவரி 5உடனே முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிருந்தது. மன்றத்துக்குப் பதவிக்காலம் உண்டு, கிராமசபைக்கு இல்லை. ஆகவே சரிசெய்ய வேண்டியது சபையைத்தான். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பக்கத்திலேயே ஒரு கழிப்பறை, காது கேளாதவருக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவர்: இவை இல்லாமல் மன்றத்தில் ஒருவரை நியமித்தால், ஊரில் உள்ள மற்ற மாற்றுத்திறனாளிகள் வீட்டிலேயேதான் இருப்பார்கள்.

வழி தெரியாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் கிராமசபைக்கு முன்பு பெண்களுக்கெனத் தனிச் சபை கூட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பெரிய மனிதர்கள் முன் வாய் திறக்கத் தயங்குபவர், தன் தெருக்காரர்கள் நடுவே தாராளமாகப் பேசுவார். இங்கேயும் தெருவாரியாக, மாலை வேளையில், முந்திய வாரமே கூடிப் பேசி, அந்தக் கோரிக்கைகளை எழுத்தில் கிராமசபைக்குக் கொண்டுவரலாம். தனிக்கூட்டம் தனிமைப்படுத்தாதா என்று கேட்கலாம். பொதுச் சபைக்குப் பதிலாக நடந்தால் ஆபத்துதான், அதற்கு முன்படியாக நடந்தால் பலம்.

கிராமசபையைக் கேலி செய்து ஒதுக்கத் தேவையில்லை. காவிரிப் படுகையில் நிலம், சாதி, பால் எதையும் கேட்காமல் கூப்பிடும் பொதுச் சபை வேறு இல்லை. அதை அளக்கும் கோலைத்தான் மாற்ற வேண்டும்: வருகைப் பதிவேட்டை மூடிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடும் முன், எழுதிய தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். காலனியிலிருந்தும் ஜமுக்காளத்திலிருந்தும் எழுந்த கோரிக்கை அதில் இல்லையென்றால், எழுதிய பிறகே கையெழுத்து என்று சொல்லுங்கள்.