எலும்பில் ஏறாத சாயம்

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், சென்ற மாசி மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, மாமாவுக்குப் பேனாக்கத்திகளில் ஒரு பிரியம் உண்டு என்பதை ஞாபகம் வைத்திருந்து, செந்நிற எலும்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை மடியில் செருகிக்கொண்டு பங்குனி வெயிலில் ஒரு பகல் முழுவதும் அலைந்துவிட்டு வீடு திரும்பியபோது, இடுப்பருகே வேட்டி நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து கிடந்ததைப் பார்த்து என் மனைவி பதறிப்போனாள். கத்தி இருந்த இடத்தில் சிவப்பு என்றால் யாருக்குத்தான் வேறு எண்ணம் வரும்? ஆனால் அலகு மடங்கியபடியே இருந்தது. என் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. கசிந்தது கைப்பிடி.

கசிவின் கதைக்குப் போகுமுன் கத்தியின் லக்ஷணங்களைச் சொல்லிவிடுவது நியாயம். மடித்த நிலையில் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம். எடை 116 கிராம். அலகுகள் இரண்டு: ஒன்று முனை கூர்ந்தது, மற்றொன்று, பொறி வைத்து மிருகங்களைப் பிடிக்கும் வேட்டைக்காரர்கள் தோலைக் கிழிக்காமல் உரிப்பதற்கு வசதியாக நுனி மழுங்கி வளைந்தது. காஞ்சிபுரத்தில் நரித்தோல் உரிக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லையாகையால், அதைக் கொண்டு பார்சல் கயிறு அறுத்தேன், பென்சில் சீவினேன், கொய்யாப்பழம் நறுக்கினேன். எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தது. திறந்த அலகைப் பூட்டி நிறுத்தத் தாழ் கிடையாது. பிடியின் முதுகோடு ஓடும் எஃகு வில் ஒன்று அலகின் அடியை அழுத்திக்கொண்டிருப்பதாலேயே அது நிற்கிறது. மடக்கும்போதும் அந்த வில்லே சொடக்குப் போட்டாற்போன்ற ஓசையோடு அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அந்த ஓசைக்காகவே வேலை இல்லாத வேளையிலும் பலமுறை திறந்து மூடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். துருவேறாத எஃகு அன்று; எலுமிச்சம்பழம் பட்ட இடத்தில் மறுநாள் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் படர்ந்தது, அது எனக்குப் பிடித்தமானதே. இரு முனைகளிலும் உள்ள வெண்ணிறப் பூண், பாத்திரக்கடைக்காரர் ஜெர்மன் வெள்ளி என்று சொல்லும் உலோகம். அதில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் உண்டே தவிர வெள்ளி துளியும் கிடையாது. செய்த கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. விலையைக் கொடுத்தவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிடிக்கு வருவோம். மாட்டின் கால் எலும்பைத் தகடாக அறுத்து, கொழுப்பு நீக்கி, வெளுத்து, மான்கொம்பின் சொரசொரப்பு வரும்படி மேலே குழி குழியாகச் செதுக்கி, சாயத்தில் ஊறவைத்து, பித்தளைத் தகட்டின்மேல் ஆணியடித்து இறுக்குவது இவ்வகைக் கத்திகளின் நெடுநாளைய சம்பிரதாயம். என் பாட்டனார் வைத்திருந்ததும் எலும்புப் பிடி போட்ட ஷெஃபீல்ட் கத்திதான். 1682 முதல் வழங்கிவரும் நட்சத்திரமும் சிலுவையும் ஆகிய முத்திரை பொறித்த ஜோசப் ராட்ஜர்ஸ் சரக்கு. ஆனால் அதற்குச் சாயம் கிடையாது. பல வருஷத்து மூக்குப்பொடியும் வியர்வையும் ஏறிப் பழைய ஏட்டுச்சுவடியின் நிறத்துக்கு வந்துவிட்ட அந்தப் பிடி, எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளுமே ஒழிய, எதையும் வெளியே விட்டதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

வேட்டியின் கறை ஒரே துவைப்பில் போய்விட்டது. கத்தியைப் பிடித்திருந்த என் கட்டைவிரலோ இரண்டு நாள் வரை சிவந்தே இருந்தது. தேங்காயெண்ணெய்க்கும் அசையவில்லை, சீயக்காய்க்கும் அசையவில்லை. பருத்தியில் நிற்காத சாயம் தோலில் மட்டும் நிற்பானேன் என்ற கேள்வியோடு, ஓரிக்கையில் பட்டுக்குச் சாயம் போடும் நண்பர் ஒருவரிடம் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். விடிந்த கையோடு போனதால், தெருவில் பாவை நீள இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நண்பர் கழிகளைக் கோலில் மாட்டி ஆவி பறக்கும் தொட்டியில் புரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு துண்டும், பசை நீக்கிய வெள்ளைப் பட்டில் ஒரு சிறு முடியும் எடுத்து, இரண்டையும் நனைத்து, பிடியின்மேல் இருபது தடவை தேய்த்தார். துணி ஆய்வுக்கூடங்களிலும் இதே காரியத்தைத்தான் ஓர் இயந்திரக் கையால் செய்து, கறையைச் சாம்பல்நிற அளவுச் சட்டத்தோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 5 என்றால் கறையே இல்லை என்று பொருள். உலர்ந்த துணியாலும் தேய்த்துப் பார்த்தோம்; என் கண்மதிப்பில் அதற்கு 4 கொடுக்கலாம். ஈரத்துணிக்கு 2க்கு மேல் மனம் வரவில்லை. பிறகு இரண்டையும் சோப்பு நீரில் அலசினார். பருத்தி வெளுத்தது, பட்டு வெளுக்கவில்லை.

“இது நம்ம ஆசிட் கலர் மாதிரிதாங்க ஐயா இருக்கு. இடம் தெரியாம எலும்புக்குள்ள போய் உட்கார்ந்திருக்குது. பட்டைக் கண்டதும் எப்படி ஓடிவருது பாருங்க!” என்றார்.

அமிலச் சாயத்தின் ஸ்வபாவம் புரதத்தைப் பற்றிக்கொள்வது. பட்டும் கம்பளியும் மனிதத் தோலும் புரதம். பருத்தி அப்படி அன்று. ஆகவே வேட்டி தப்பியது, விரல் அகப்பட்டுக்கொண்டது. எலும்பிலும் கொலாஜன் என்னும் புரதம் உண்டு என்றாலும், எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த கனிமமாகையால், அந்தப் புரதம் சுண்ணாம்புச் சுவருக்குள் அடைபட்டதுபோல் இருக்கிறது. பட்டு விஷயத்தில், நூலை அவித்து, அதன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வரும் பசையைப் போக்கி, பிறகே சாயத்தொட்டியில் இறக்கி, சாயம் பிடிப்பதற்கென்று அசிட்டிக் அமிலமும் விட்டுச் சூடேற்றுகிறார்கள். எலும்பிடம் இந்த உபாயம் முழுதாகச் செல்லாது: அமிலத்தைத் தாராளமாக விட்டால் கனிமம் கரைந்து எலும்பே இளகிப்போகும், கொஞ்சமாக விட்டால் அந்தக் கனிமமே அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். ஆகவே சாயத்தில் ஒரு பகுதி புரதத்தைப் பற்றிக்கொள்ள, மிச்சமெல்லாம், மாடு உயிரோடிருந்த காலத்தில் இரத்தம் ஓடிய நுண்ணிய துவாரங்களில் வெறுமனே உலர்ந்து கிடந்து, வியர்வை பட்டவுடன் கரைந்து புறப்படுகிறது. அடர்ந்த சிவப்பு, நீலம், பச்சை ஆகியவற்றுக்குச் சாயம் அதிகம் ஏற்ற வேண்டியிருப்பதால் அவற்றில் இந்த உபத்திரவம் கூடுதல். தண்ணீர் தெளியும்வரை அலசித்தான் கத்தியில் பூட்டியிருக்க வேண்டும்; என் கத்தியைச் செய்தவர்கள் சிக்கனம் பிடித்தது கடைசி அலசலில் என்பது என் அபிப்பிராயம்.

எலும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நண்பரின் தாயார் உள்ளேயிருந்து வந்து, அந்தச் சனியனைப் பட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே என்று கடிந்துகொண்டார். “பட்டு மட்டும் என்ன செடியிலயா காய்க்குதும்மா?” என்றார் மகன். அம்மையாரிடம் அதற்கு விடை இல்லை. அதே ஓரிக்கையில் கருங்கல்லால் மணிமண்டபம் எழுப்பப்பட்டிருக்கும் காஞ்சிப் பெரியவர், புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு வேண்டாமென்று சொல்லிவந்தவர் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. இருப்பது சாயப்பட்டறை என்பதும் கூடவே ஞாபகம் வந்ததால், பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

பரிகாரத்தையும் நண்பரே நடத்தினார். சோப்பு கூடாது என்பது முதல் கட்டளை. காரம் பட்டால் பற்றியிருக்கும் சாயமும் கழன்றுவிடுமாம். கொதிநீரும் கூடாது, எலும்பு நெளிந்து ஆணியடித்த இடத்தில் வெடிக்கும். எஃகுப் பாகங்களில் எண்ணெய் பூசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிடியை மட்டும் ஒற்றி ஒற்றித் துடைத்து, ஒன்பதாவது துணியில் சிவப்பு மங்கியபின், சில சொட்டு வினிகர் விட்ட நீரால் ஒரே ஒரு தடவை துடைத்து நிறுத்தினார். “உள்ள ஈரம் இருக்குது ஐயா, இன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. ராத்திரி இங்கயே இருக்கட்டும்” என்றார். பல்லவ மன்னன் திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை நாடுகடத்த, ஆழ்வாரும் உடன் கிளம்ப, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே போய், ஓர் இரவு தங்கிய இடமாகையால் ஓரிரவிருக்கை என்பது ஓரிக்கை ஆயிற்று என்று ஸ்தல வரலாறு சொல்கிறது. என் கத்தியும் ஊர் வழக்கத்தை மீறாமல் ஓர் இரவு இருந்துவிட்டு வந்தது. வீட்டில் தேன்மெழுகைத் தேய்த்து மெருகேற்றினேன். மூன்று வாரம் கழித்து ஈரத்துணியால் மறுபடி சோதித்தபோது 2 என்பது 4 ஆகியிருந்தது. இருந்தும் சித்திரைப் புழுக்கத்தில் சட்டைப் பையின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு சாயல் தெரியத்தான் செய்தது.

சாயம் போவதையே பெருமையாக்கி விற்ற சாமர்த்தியம் நம் பக்கத்துச் சரக்குக்கே ஒருமுறை வாய்த்ததுண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன சென்னைக் கட்டம் போட்ட பருத்தித் துணி, துவைத்த இடத்திலெல்லாம் சாயம் விட்டு வழக்கு வரும் நிலைமையானபோது, சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து, அதை நாகரிகமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே கட்டத்துக்குக் கட்டம் வர்ணம் கலந்து புது அழகு பிறந்தது. இங்கே இந்தச் சிவப்புக்குக் கலந்துகொள்ள என் வேட்டிதான் அகப்பட்டது.

கத்தியாக இது நல்ல கத்தி. வாங்க நினைப்பவர்கள் சாயமிடாத எலும்பையோ தேன்நிறத்தையோ கேட்டு வாங்கட்டும். அல்லது உத்தரப் பிரதேசத்துச் சம்பல் நகரத்தில் வேலைப்பாடு செய்கிறார்களே, அந்தக் கொம்பில் பிடி போட்டதைத் தேடட்டும். கொம்புக்கு அதன் சொந்த நிறமே போதும். சிவப்புத்தான் வேண்டுமென்றால் கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பது உசிதம். தறி இருக்கும் வீட்டுக்கு மட்டும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நண்பரோ வேறு அபிப்பிராயத்தில் இருக்கிறார். கத்தியைத் திருப்பி வாங்கப் போன அன்று, சோதனைக்குத் தேய்த்த அந்தப் பட்டு முடி, அவருடைய வர்ண மாதிரிப் புத்தகத்தில் அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் நடுவே கட்டப்பட்டிருந்தது. “இந்த நடு நிறம் எனக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லீங்க. கத்தி செஞ்சவங்க அட்ரஸ் இருந்தா உங்க மருமவன்கிட்ட வாங்கித் தாங்களேன்” என்றார்.