அழுகைக்கும் ஓர் ஆமென்

பாலாவின் ‘பரதேசி’யை மறுபடி பார்த்தேன். 2013 மார்ச்சில் வந்த படம். பாலா தேனி மாவட்டத்துக்காரர். பாட்டெழுதிய வைரமுத்துவும் அதே மண்தான், வடுகபட்டி. அந்த ஊர்களில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் ஏறிப்போய் தேயிலையும் ஏலக்காயும் பறித்த மலை. அந்த வலி தெரிந்தவர்கள் எடுத்த படம் என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

ஒரே ஒரு இடத்தில்தான் கை பிசகிவிட்டது.

எஸ்டேட்டில் கொள்ளை நோய். கொத்துக் கொத்தாகச் சாவு. வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் வருகிறார், கூடவே வெள்ளைக்கார மனைவி. வந்தவர்கள் ஊசியை எடுத்தார்களோ இல்லையோ, ஆட்டத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். பாட்டு, ரொட்டி விநியோகம், கும்பலாக மதமாற்றம். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவன் எல்லோரும் ஒரே பாட்டில் ஏசுவிடம் போய்விடுகிறார்கள். தியேட்டரில் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் தொண்டையில் ஏதோ சிக்குகிறது.

பி.காம். படித்த புத்திக்கு இந்தக் காட்சி ரொம்ப சுலபமான கணக்காகப் படுகிறது. ஒரு ரொட்டி பற்று, ஓர் ஆத்மா வரவு. ஆனால், துக்கத்தில் இருக்கிற மனுஷன் அவ்வளவு சுலபமான பேரேடா?

படத்துக்கு மூலம், டாக்டர் பி.ஹெச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவல். 1969-ல் வந்தது. இரா.முருகவேள் அதைத் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று தந்தார். டேனியல் ஆனைமலை எஸ்டேட்டுகளில் டாக்டராக வேலை பார்த்தவர். அவர் நாவலில் வருகிற டாக்டர் ஆபிரகாம், தொழிலாளிக்கு மருந்து கொடுக்கப் போராடுகிறவர். புத்தகத்தில் நம்பிக்கை தந்த டாக்டர், படத்தில் கோமாளியாகிவிட்டார். இது கதையைச் சுருக்கியதால் வந்த வினை இல்லை. கதையின் ஒரு நல்ல மனுஷனையே மாற்றி எழுதியது.

‘சோத்துக்காக மதம் மாறினவங்க இல்லவே இல்லையா சார்?’ என்று கேட்பீர்கள். இருந்தார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியவர் பக்கம் ஜனம் போனது உண்மைதான். பசித்தவன் போனதில் என்ன தப்பு? ஆனால், கஞ்சி தீர்ந்த பிறகும், பஞ்சம் போன பிறகும், நாலு தலைமுறை கழித்தும் அதே கோயிலில் முழங்காலிட்டு நிற்கிறார்களே, அதற்கு ரொட்டிக் கணக்கில் பதில் இல்லை. வேறு எதுவோ கிடைத்திருக்கிறது.

அது என்ன என்பதற்கு, பைபிளின் யோபு புத்தகத்தைப் புரட்டலாம். யோபுவுக்கு 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 7 மகன், 3 மகள். ஒரே நாளில் எல்லாம் போச்சு. ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், ‘நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பே’ என்று ஆரம்பிக்கிறார்கள். யோபு விடவில்லை, கடவுளையே கூண்டில் நிறுத்தி நியாயம் கேட்கிறார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது நண்பர்களைத்தான். அழுது சண்டை போட்டவரை இல்லை.

முடிவில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. ஆடு 14,000. ஒட்டகம் 6,000. பிள்ளைகள்? மறுபடி 7 மகன், 3 மகள். அங்கே மட்டும் இரட்டிப்பு இல்லை. எழுதினவர் கணக்கில் தப்பு பண்ணவில்லை என்றுதான் நினைக்கிறேன். செத்துப்போன ஆட்டை நஷ்டக் கணக்கில் தள்ளலாம். செத்துப்போன பிள்ளையைத் தள்ள முடியாது. அந்தப் பத்துப் பேரும் இன்னும் அவர் பிள்ளைகள்தான். கிறிஸ்துவம் தருகிற நம்பிக்கையின் அடிநாதமே இதுதான்: போனவர்கள் கணக்கிலிருந்து போய்விடவில்லை.

போடிமெட்டு ஏறி மூணாறு போனால் பழைய கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. 1894 டிசம்பரில் எஸ்டேட் மேனேஜர் ஹென்றி நைட்டின் இளம் மனைவி, வந்த சில நாளிலேயே காலராவில் இறந்துபோனார். மலைச்சரிவில் புதைத்தார்கள். அந்தச் சரிவின் கீழே கோயிலுக்கு அஸ்திவாரக் கல் நட்டது 1910-ல். முதலில் கல்லறை, பிறகுதான் கோயில். துரைமார்கள் கட்டின அந்தக் கோயிலில் இன்றைக்குத் தமிழிலும் ஆராதனை நடக்கிறது. துரையின் துக்கத்தில் பிறந்த கோயில், கூலிக்காரரின் வாரிசுகளுக்கும் கோயிலாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு படம் எடுக்கலாம்.

பாலாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊழியக்காரர்கள் சிலரும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். பிணத்தை எடுக்கும் முன்பே, ‘அழாதீங்க, எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்று மைக் பிடிக்கிறார்கள். சாட்சி சொல்கிற புத்தகங்களில் மூணாம் பக்கம் மரணம், நாலாம் பக்கம் சமாதானம். நடுவில் இருக்க வேண்டிய நூறு தூங்காத ராத்திரிகளைக் காணோம். லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். தெரிந்தவரே அழுதிருக்கிறார், நமக்கு மட்டும் ஏன் தடை? ரொட்டியோடு வருகிற சினிமா டாக்டரும், சித்தத்தோடு வருகிற பிரசங்கியாரும் செய்வது ஒன்றுதான். அழுகிறவனின் அழுகையை அவசரமாக வாங்கி மூட்டை கட்டுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ‘பரதேசி’யில் நிஜமான ஜெபம் ஒன்று இருக்கிறது. அது அந்தப் பாட்டில் இல்லை. கடைசிக் காட்சியில் இருக்கிறது. தான் சிக்கிய நரகத்துக்கே மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்துவிட்டதைப் பார்த்து, மலைமேல் உட்கார்ந்து நாயகன் கதறுகிறானே, அது. அதர்வாவின் அந்தக் கதறலில் ஆடம்பரம் இல்லை, ஆறுதல் இல்லை, பதிலும் இல்லை. யோபு சாம்பலில் உட்கார்ந்து அழுத அழுகை அது. கேட்க யாரோ இருக்கிறார்கள் என்று நம்புகிறவனால்தான் அப்படிக் கதற முடியும்.