இசக்கியின் கையும் மாமன்னனின் நாற்காலியும்

1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' எங்க ஊர்ப்பக்கத்து டூரிங் டாக்கீசுக்கு வர ஆறு மாசம் ஆச்சு. பரதன் இயக்கம், கமல் எழுத்து, சிவாஜி நடிப்பு, இளையராஜா இசை. நல்ல படம்னுதான் நானும் சொன்னேன். ஆனா படம் விட்டு வெளியே வந்த மேலத்தெருப் பையன்களோட நடையே அன்னைக்கு வேறயா இருந்தது. அதுக்கப்புறம் கல்யாணமோ காதுகுத்தோ, அந்தப் போற்றிப் பாட்டுத்தான். ரேடியோ குழாயை எங்க தெருவைப் பார்த்துத் திருப்பிக் கட்டுவார்கள். பாட்டு யாரைப் போற்றுது என்பதைவிட யார் காதில் விழணும்கிறதுதான் அவர்களுக்குக் கணக்கு.

அந்தப் படத்தில் எங்களுக்கு நெருக்கமான ஆள் வடிவேலு நடித்த இசக்கி. அவன் என்ன சாதின்னு படம் சொல்லல. சின்னய்யா சொன்னதும் பூட்டை உடைக்கப் போறவன் யாரு, உடைச்சதுக்குக் கையைக் குடுக்கிறவன் யாருன்னு கிராமத்தில் பிறந்தவனுக்குத் தெரியாதா? அடைத்துக் கிடந்த கோவிலைத் திறக்கணும்கிற எண்ணம் லண்டனில் படித்து வந்த சக்திவேலுக்கு. வெட்டு மட்டும் இசக்கிக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அந்த ஒத்தைக் கையை வச்சுத் தன்னைத்தானே கேலி பேசுகிறான். கொட்டகை சிரிச்சது. நானும் சிரிச்சேன். அதற்குப் பிறகு படம் அந்தக் கையை விட்டுவிட்டு சக்திவேலின் மனசு படுகிற பாட்டுக்குப் போய்விடுகிறது. கடைசியில் நாயகன் சொல்கிற, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்ற புத்திமதி நல்லதுதான். ஆனா அது பங்காளிக்குப் பங்காளி சொல்றது. அவர்கள் சண்டையில் கை போனவனுக்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது.

2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமலையும் வைத்துக்கொண்டே மாரி செல்வராஜ் இதைப் பேசினார். தன் படத்துக்கு 'தேவர் மகன்'தான் காரணம், அந்த இசக்கிதான் இந்த மாமன்னன் என்றார். நடிகரும் அதே வடிவேலுதான். இடைப்பட்ட 30 வருசமும் அந்த உடம்பு படத்துக்குப் படம் அடி வாங்கியது, நாம சிரிச்சோம். எங்க தெருப் பிள்ளைகளும்தான் சிரிச்சுது. யாரை அடித்தால் எல்லாருக்கும் சிரிப்பு வருதுன்னு நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

'மாமன்னன்' அந்த முகத்திலிருந்து சிரிப்பை எடுத்துவிடுகிறது. எம்.எல்.ஏ.வாகியும், ரத்தினவேல் வீட்டில் மாமன்னன் நிற்கிறார். மகன் அதிவீரன் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்கிறான். உட்காருவதா வேண்டாமா என்று அந்த மனிதர் தவிக்கிற தவிப்பைத் தமிழ் சினிமாவில் அதற்கு முன் நான் கண்டதில்லை. படம் வந்தது ஜூன் 29. மறுநாள், ஜூன் 30, மேலவளவு நாள். தனித்தொகுதியான ஊராட்சிக்குத் தலைவராக நின்று ஜெயித்ததற்காக 1997இல் முருகேசனையும் கூட வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். அதுவும் நாற்காலிக்காகத்தான்.

எங்கய்யா ஒருதடவை வார்டு மெம்பர். தனி வார்டு. கூட்டம்னா தலைவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும். அஞ்சு வருசமும் நின்னுக்கிட்டேதான் நோட்டில் கையெழுத்துப் போட்டார். ஏன்யா உட்காரலன்னு கேட்டால், "முட்டு வலிக்கி, உக்காந்தா எந்திரிக்க முடியல" என்பார். வயக்காட்டில் நாளெல்லாம் குத்தவச்சுக் களை பறிக்கிற மனுசன்.

படத்தோட எனக்குப் பிணக்கும் உண்டு. பின்பாதி வெறும் தேர்தல் படமாகி இளைத்துப்போகிறது. லீலா பேர் சொல்கிற மாதிரி வந்துவிட்டுக் கூட நிற்கிறவளாகச் சுருங்கிவிடுகிறாள். பழைய படம் தன் சாதியைத் தலைப்பிலேயே எழுதியது. இதிலோ அடிக்கிறவன் சாதிக்கும் பேர் இல்லை, அடிபடுகிறவன் சாதிக்கும் பேர் இல்லை. அந்த இடைவெளியில்தான் ரத்தினவேல் தப்பித்தான். படம் நெட்பிளிக்சில் வந்த பிறகு, பகத் பாசில் முகத்தை வெட்டி எடுத்து ஆளாளுக்குத் தங்கள் சாதிப்பாட்டை ஒட்டிக் கொண்டாடினார்கள். தோற்ற நாயை அடித்தே கொல்கிறவனை! கொண்டாடினவர்கள் குற்றம் அது, சரி. ஆனா அவன் கோபத்தைக் கேமரா அத்தனை ஆசையாகப் பார்த்திருக்க வேண்டாம்.

முடிவில் மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். 2011இல் ராசிபுரத்தில் ஜெயித்துப் போன ப.தனபால் 2012 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். சபையே எழுந்து நிற்கும், நெஞ்சு விம்மத்தான் செய்யுது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சபையில் தன் தொகுதிக்காக வாய் திறந்து வாதாட முடியாது என்பதும் கூடவே ஞாபகம் வருது.

அய்யாவையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். நாற்காலிக் காட்சியில் முட்டைத் தடவிக்கிட்டே இருந்தார். ஒன்றும் பேசல. திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கேட்டார்:

"ஏல, இந்தப் படத்துல அவனுக்கு ரெண்டு கையும் இருக்குல்லா?"