பழந்தாளின் விலை

காலம் செல்லச் செல்லப் பண்டத்தின் விலை குறைவதே சந்தையின் பொதுவிதி. பழைய துணிக்கும் பழைய பாத்திரத்திற்கும் பொருந்தும் இவ்விதி, பழைய நூல்களைப் பொறுத்தவரை சிலவேளை தலைகீழாகிவிடுகின்றது. ஒரு காலத்தில் சில ரூபாவுக்கு விற்ற நூல் இன்று பன்மடங்கு விலை பெறுகின்றது. காரணம் கேட்டால், ‘கிடைத்தற்கரியது, ஆகவே விலை கூடியது’ என்பர் வியாபாரிகள். இவ்விளக்கத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? அருமை என்ற ஒன்று மட்டுமே ஒரு தாளுக்கு விலையைத் தந்துவிடுமா?

இவ்வினாவுக்கு விடைகாண அப்புத்தளையை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா இன்று துறவியர் மடமாக உள்ளது. அவருடைய நூலகமும் வரவேற்பறையும் பார்வையாளர் கண்டு செல்லும் வண்ணம் பேணப்பட்டு வருகின்றன. இலங்கையிலிருந்த ஆங்கில வர்த்தக நிறுவனங்களின் கதையை 1940இல் நூலாக எழுதி வெளியிட்டவர் அவர். தம் வர்க்கத்தின் வரலாற்றைத் தாமே எழுதவும், எழுதியதை அச்சிடவும், அச்சிட்டதைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கவும் அவர்களுக்கு வசதியிருந்தது. அதே மலைச்சரிவிலே லயக் காம்பராவில் வாழ்ந்தவர்கள் கையில் வைத்திருந்த தாள்கள் எங்கே? தகரப் பெட்டியில் கிடந்தவற்றைக் கறையானும் ஒழுகும் கூரையும் தின்றன. எஞ்சியவை பழைய பேப்பரோடு தராசில் ஏறின. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு சேர்ந்து இத்தகைய பெட்டிகளும் மண்ணுள் போயின.

இந்த வேற்றுமையே பழைய புத்தகச் சந்தையிலும் பிரதிபலிக்கின்றது. கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தைக் கடைகளில் மாணவர்களின் பாடநூல் முதல் பழைய நாவல் வரை எல்லாம் கிடைக்கும். ஆயின் மேல்தட்டுச் சேகரிப்பாளர் தேடுவது வேறு. தோட்டங்களின் பெயர், ஏக்கர், உடைமையாளர், துரைமார் ஆகிய விபரங்களை ஆண்டுதோறும் தொகுத்த பேர்குசன் டிரெக்டரி; இலங்கையைப் படங்களோடு அறிமுகஞ் செய்த 1907ஆம் ஆண்டுப் பெருநூல்; கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காட்சிப்பொருளாக்கிய தபால் அட்டைகள் ஆகியனவே அவர்களின் நாட்டத்திற்குரியவை. இவற்றிற்குக் கடல் கடந்தும் வாங்குவோர் உளர்.

மறுபுறம், சம்பளநாட் சந்தையில் தெருப்பாடகர்கள் பாடிப் பாடி விற்ற சில்லறை விலைப் பாட்டுப் பிரசுரங்களை எண்ணிப் பார்ப்போம். தொழிற்சங்க அறிவித்தல்களையும் வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரங்களையும் எண்ணிப் பார்ப்போம். அருமை என்று பார்த்தால் டிரெக்டரியைவிட இவையே அரியவை. இருந்தும் இவை விலைபோவதில்லை. ஏன்? அருமையோடு, வாங்கும் சக்தி படைத்த ஒரு நினைவும் சேரும்போதே சந்தையில் விலை பிறக்கின்றது. துரையின் பேரன் தன் பாட்டனாரின் தோட்டத்தைத் தேடி வாங்குகின்றான். கண்காணியின் கீழ் வேலை செய்தவளின் பேத்திக்கு அத்தகைய பணம் இல்லை. பல வேளைகளில் அப்படியொரு தாள் இருந்தது என்ற செய்தியே அவளுக்குக் கிட்டியதில்லை.

தோட்ட மக்களுக்குத் தாளின் வலிமை தெரியாது என்று எவரேனும் கருதுவராயின் அது பெரும் பிழை. அதனை அவர்களைப் போல் அனுபவித்தறிந்தவர் வேறு எவர்? அக்காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு விலகுகையில் அவன் பட்ட கடன் எவ்வளவு என்பதை அச்சீட்டு காட்டும். அக்கடனைக் கொடுத்துத் தீர்க்கும் தோட்டம் அவனை எடுத்துக்கொள்ளும். அதாவது, ஒரு தாளைக் கைமாற்றி மனிதரைக் கைமாற்றினார்கள். 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றோராயினர் மலையக மக்கள். அடுத்த ஆண்டுச் சட்டமோ, 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்கும்படி கேட்டது. பிறப்புப் பதிவு, செக்ரோல், பாடசாலை இடாப்பு என்று எதைக் காட்டுவது, எங்கே தேடுவது எனக் குடும்பங்கள் அலைந்தன. பழந்தாள் செல்வர்க்குப் பொழுதுபோக்காயிருந்த அதே காலத்தில், இம்மக்களுக்கு அது நாட்டில் நிற்பதற்கான பிடிமண்ணாயிருந்தது.

இலக்கிய விமர்சனத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இருக்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. எஞ்சியிருக்கும் சான்றுகளை வைத்தே விமர்சகன் தீர்ப்புக் கூறுகின்றான். சான்றுகள் ஒருபக்கமாக எஞ்சினால் தீர்ப்பும் ஒருபக்கமாகவே சாயும். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சேறியது. கோப்பித் தோட்ட வாழ்வைப் பாடிய அந்நூல் நிர்வாகத்தின் பக்கம் நின்று பாடியது. பதுளை மண்ணைச் சேர்ந்த மு. நித்தியானந்தன் அதனைத் தேடியெடுத்து, துரைமார் வேலை வாங்குவதற்கு வேண்டிய அளவு தமிழ் கற்பதற்கென எழுதப்பட்ட கைந்நூல்களோடு சேர்த்து, 2014இல் வெளியான ‘கூலித் தமிழ்’ என்ற நூலிலே ஆராய்ந்தார். அக்கும்மியோடு, மீனாட்சியம்மை 1940இல் வெளியிட்ட பாட்டு நூலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர் தொழிலாளர் கூட்டங்களிலே அப்பாடல்களைப் பாடியவர். முதலாவது மட்டும் எஞ்சி இரண்டாவது அழிந்திருந்தால், மலையகத் தமிழ் அடங்கியொடுங்கிய தமிழென்றே நம் மாணவர் கற்றிருப்பர். நடேசய்யரின் எழுத்தையும் பத்திரிகைப் பணியையும் தேடித் தொகுத்து 1988இல் நூலாக்கிய சாரல் நாடனின் உழைப்பையும் இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறோம். இவர்கள் செய்தது விமர்சனம் மட்டுமன்று. சந்தை மதிக்காத தாளுக்கு மதிப்பைத் தேடித் தந்த செயலுமாகும்.

இதனால் பழைய புத்தக வியாபாரிகளைப் பழிப்பது நம் நோக்கமெனக் கொள்ளலாகாது. கடலைச் சரையாக வேண்டியதைத் தனியே எடுத்து வைத்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டிலே கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பழைய புத்தகக் கடைகளில் வாங்கியே சுமார் ஒரு இலட்சம் பொருள்களைச் சேர்த்தார். நூல்கள் மட்டுமல்ல, நாடக நோட்டீசும் அழைப்பிதழும் அவருக்கு ஆவணமாயின. எதை எறியலாம், எதை எறியலாகாது என்று அவர் தரம் பிரிக்கவில்லை; அதுவே அவருடைய சேகரிப்பின் சிறப்பு. 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. தமிழரின் சொத்தை அமெரிக்கப் பணம் வாங்குவதா என்ற மனக்குறை எழுவது இயல்பே. அம்மனக்குறையில் நியாயமும் உண்டு: நம் அரசுகளும் செல்வரும் பல்கலைக்கழகங்களும் செய்யாததை அந்நியர் செய்தமை நமக்குத் தலைகுனிவே. ஆயினும் நூல்கள் கப்பலேறவில்லை. 1994 முதல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாகப் பயன் தருகின்றன. யார் பணம் கொடுத்தார் என்ற கேள்வியோடு, யாருக்குக் கதவு திறந்திருக்கின்றது என்ற கேள்வியையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். நம்மவர் ஒருவரின் வீட்டு அலுமாரியில் பூட்டிக்கிடக்கும் அரிய நூலும் மக்களைப் பொறுத்தவரை தொலைந்த நூலே.

ஓரிடத்தில் குவித்து வைப்பதிலும் ஆபத்துண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே பிரதியாக இருப்பதைச் சந்தை போற்றுகின்றது. அழிவும் அதற்கே எளிதில் நேர்கின்றது. ஆகவே பிரதிகளைப் பெருக்குவதே மக்கள் பக்க நியாயம். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் எவரும் இலவசமாகப் படிக்கச் செய்துவருவதை இவ்வகையிலே பெரும் பணியாகக் கருதுகிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்க்கும் இதிலே செய்யத்தக்க வேலை உண்டு. பாடசாலைக் களஞ்சியத்தைத் துப்புரவு செய்யும் நாளில், பழைய பேப்பர் வாங்குபவரை அழைக்குமுன் ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் பார்ப்போம். மாணவரிடம் வீட்டிலுள்ள சங்கச் சந்தாச் சீட்டு, கலைவிழா மலர், பாட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் பற்றி விசாரிப்போம். மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டு, அனுமதியோடு படம்பிடித்து, இடமும் ஆண்டும் குறித்து வைப்போம். தோட்டத்து அலுவலகங்களிலே கிடக்கும் பழைய செக்ரோல்கள் கம்பனிகளின் கழிவுக் காகிதமல்ல, மக்களின் வரலாற்றுச் சான்று என்று தொழிற்சங்கங்கள் குரலெழுப்பட்டும்.

இவ்வேலைக்குப் பெருநிதி தேவையில்லை. எது நமது தாள் என்று அறியும் கண் தேவை. அந்தக் கண்ணைத் திறப்பது கல்வியின் கடமை. அடுத்த தலைமுறை தன் பாட்டியின் வரலாற்றை ஏலத்தில் வாங்க வேண்டிய நிலை வரக்கூடாதென்றால், இன்று தராசுத் தட்டில் கிடப்பதை நாம் இன்றே எடுத்துப் படித்தாக வேண்டும்.