பின்னணிக் கதை (நிறுவல் கலை)

'பின்னணிக் கதை' சீனக் கலைஞர் ஷு பிங் (பிறப்பு: 1955) உருவாக்கிய நிறுவல் கலை வரிசை. சீன மரபின் மலைநீர் ஓவியங்களை மையும் தூரிகையும் இல்லாமல் நிழல்களால் மீட்டுருவாக்குகிறது. முதல் படைப்பு 2004-ல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வாங் ஷிமின் 1654-ல் வரைந்த ஓவியத்தை ஒட்டிய படைப்பு 2011-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. ஜிதிஷ் கல்லாட் தொகுத்தமைத்த 2014 கொச்சி-முசிறி பினாலேயில் இவ்வரிசையின் ஒரு படைப்பு இந்தியாவுக்கு வந்தது.

அமைப்பு

முன்னால் நிற்பவருக்கு மூடுபனியில் கரையும் மலைகளும் மரங்களும் தெரியும். அது பின்னிருந்து ஒளியூட்டப்பட்ட மங்கலான கண்ணாடிப் பரப்பு. பின்பக்கம் சென்றால் காய்ந்த செடிகள், சோளத் தோகை, நார், கசங்கிய காகிதம், பிளாஸ்டிக் பைகள் ஆகியவற்றைக் காணலாம். கண்ணாடியைத் தொடும் பொருளின் நிழல் கூர்மையாகவும் விலகியிருப்பதன் நிழல் மங்கலாகவும் விழுகிறது. மையின் அடர்த்தி வேறுபாடுகள் இவ்வாறு உருவாகின்றன.

மதிப்பீடு

பின்பக்கக் குப்பையை மரபின் மீதான கேலி என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அதைக் கண்டபின் முன்பக்கம் திரும்புபவருக்கும் மலை மலையாகவே தெரிகிறது. அறிந்தபின்னும் கலையாத அந்தத் தோற்றமே இப்படைப்பின் வெற்றி.

அதன் எல்லையை மலைபடுகடாம் காட்டுகிறது. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகள் கொண்டது. இதில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் தோன்றும் இன்றைய செய்யாறு. சீனச் சுருள் ஓவியத்தைச் சிறிது சிறிதாக விரித்துப் பார்ப்பவர் நிலக்காட்சிக்குள் பயணம் செய்கிறார். ஆற்றுப்படை நூலான மலைபடுகடாமும் கேட்பவரை மலைவழியில் நடத்திச் செல்கிறது. அருவியையும் தினைப்புனத்தையும் சொல்லும் அதே வழியில் பன்றிப் பொறியையும் பாம்பையும் வழுக்கும் இடங்களையும் எச்சரிக்கிறது. அங்கே அழகும் இடரும் ஒரே பாதையில் உள்ளன.

ஷு பிங் அவற்றை ஒரு கண்ணாடியின் இரு பக்கங்களாகப் பிரிக்கிறார். பார்வையாளர் அழகையும் அதன் பின்புலத்தையும் தனித்தனியாகவே காண்கிறார். இன்றைய மலைகளில் அருவிக்கரையிலேயே பிளாஸ்டிக் பை கிடக்கிறது. அந்த மலையைக் காட்ட ஒரு கண்ணாடித் தடுப்பு போதாது.